ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர்

"சார், மனுஷங்களைக் கொஞ்சம் தூங்க விடுவீங்களா, மாட்டீங்களா?"

மாடி ஜன்னலில் தலைவிரி கோலமாக நின்று கத்தினாள் அவள். இன்னும் சரியாக விடியவில்லை. கீழே பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார். ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடுகிற வண்டி அது.

சாதாரணமாக அவர் 'மாமா'தான். கோபம் வந்தால் மட்டும் 'சார்'.

"எனக்குக் காலையில வேலை இருக்கும்மா" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"முன்னெல்லாம் தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய்த்தானே ஸ்டார்ட் பண்ணுவீங்க?"

"அப்ப தெம்பு இருந்தது, தள்ளினேன்."

அவள் லைட்டைப் போட்டாள். ஜன்னலைப் படீரென்று சாத்தினாள். உடனே சத்தம் நின்றது.

தினமும் இதே கதைதான். இவள் எழுந்து லைட்டைப் போட்டதும் வண்டி கப்சிப். வேண்டுமென்றே செய்கிறார் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

"என்னை எழுப்பி விட்டுட்டு, அப்புறம் சத்தமில்லாம தள்ளிட்டுப் போறாரும்மா. தள்ளுறதுக்கு அப்ப மட்டும் தெம்பு எங்கேர்ந்து வருதாம்?"

"பஸ் டிப்போவுல மெக்கானிக். விடிகாலை ஷிப்டுக்கு ஓடற மனுஷன். விட்டுத் தள்ளு" என்றாள் அம்மா, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில்.

விட்டுத் தள்ளும் நிலையிலா இருந்தாள் அவள்? அரசுப் பணித் தேர்வில் மூன்று முறை கோட்டை விட்டாயிற்று. வயது வரம்பு நெருங்கிவிட்டது, மிச்சம் இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. கடைசி முடிவு வந்த அன்று, மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "இனிமே எனக்கு விடிஞ்சா என்ன, விடியாட்டி என்ன? நான் எழுந்திருக்கவே போறதில்ல" என்று ஓவென்று அழுதாள்.

சொன்னபடியே படுத்தும்விட்டாள். அலாரம் அடித்தால் தலையில் தட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பாள். அம்மா எழுப்பினால் சண்டை. புத்தகங்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின.

அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்கூட்டர் ஜன்னலுக்குக் கீழே வந்து சேர்ந்தது.

அலாரத்தை அணைக்கலாம், அடுத்த வீட்டுக்காரரை அணைக்க முடியுமா? போன தூக்கம் திரும்பி வராது. சும்மா உட்கார்ந்து பல்லைக் கடிப்பதற்குப் பதில், ஒருநாள் கடுப்போடு ஒரு புத்தகத்தை இழுத்துப் பிரித்தாள். மறுநாளும் பிரித்தாள். பழையபடி பகலில் நூலகத்துக்கும் போக ஆரம்பித்தாள்.

ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் நகராட்சிக்குப் புகார் எழுதினாள். அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு முகவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, முன்னுரை, காரணங்கள், விளைவுகள், தீர்வுகள், முடிவுரை... இது புகாரா, பரீட்சைப் பேப்பரா? அந்த மனுஷனுக்குச் சாதகமா வேற ஒரு பத்தி எழுதி வச்சிருக்கே!"

"ரெண்டு பக்கமும் எழுதினாத்தான் மார்க் போடுவாங்க" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு தாளைக் கிழித்துப் போட்டாள்.

மறுநாள் ஜன்னலிலிருந்து வேறு பாணம் விட்டாள்.

"பார்த்துக்கிட்டே இருங்க சார். நான் ஆபீசரானதும் போடற முதல் கையெழுத்து, உங்க வண்டியைப் பறிமுதல் பண்ணற உத்தரவுலதான்!"

"முதல்ல ஆகிக் காட்டு. அப்புறம் பார்க்கலாம்."

அந்தப் பதில் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதன் பிறகு அவள் படித்த படிப்பில் பாதி, அந்த வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புவதற்காகவே படித்தது.

பரீட்சை அன்று ஸ்கூட்டர் வழக்கத்தைவிட முன்னதாகவே உறுமியது. "இன்னிக்குக்கூடவா?" என்று திட்டிக்கொண்டேதான் எழுந்து குளித்தாள்.

தேறிவிட்டாள்.

முடிவு வந்த அன்று காலை, கோபமெல்லாம் வடிந்து, இனிப்பு டப்பாவோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவரே கதவைத் திறந்தார். கண் சிவந்து, முகம் தூக்கத்தில் வீங்கியிருந்தது.

"வாங்க ஆபீசரம்மா. வண்டியைப் பறிமுதல் பண்ண வந்தீங்களா?"

"போங்க மாமா. நாளையிலேர்ந்து தெருமுனைக்குப் போய் ஸ்டார்ட் பண்ணுங்க, அது போதும். நான் நாலு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கணும்."

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி சிரித்துவிட்டாள்.

"காலங்கார்த்தால எங்கே போறதுக்கும்மா ஸ்டார்ட் பண்ணணும்?"

"ஏன் அத்தை? மாமாவுக்குக் காலை ஷிப்டுதானே?"

"நீ சும்மா இரு" என்று மனைவியை அடக்கப் பார்த்தார் அவர்.

"நான் ஏன் சும்மா இருக்கணும்? இவரை மத்தியான ஷிப்டுக்கு மாத்தி வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. வீட்டுக்கு வந்து படுக்கறதே பாதி ராத்திரிக்கு மேல. அன்னிக்கு நீ மாடியில அழுதது இவர் காதுல விழுந்துச்சு. அதுலேர்ந்து அலாரம் வச்சு எழுந்து போய், உன் ஜன்னலுக்குக் கீழே நின்னு வண்டியை உதைப்பார். உன் ரூம்ல லைட் எரிஞ்சதும், 'பொண்ணு எழுந்துடுச்சு'ன்னு சொல்லிக்கிட்டே உள்ளே வந்து படுப்பார்."

எத்தனை வசவு, எத்தனை 'சார்'! டப்பாவை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அவர் ஒரு துண்டு இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"அதான் பாஸாயிட்டியேம்மா. இனிமேலாவது இந்த மனுஷனைக் கொஞ்சம் தூங்க விடு."