ஒற்றை மணி

“ஆரம்பிச்சுட்டா மகராசி!”

தலைக்கு மேலே தொம் தொம் என்று சத்தம் கேட்டதும் கண்டக்டர் டீ டம்ளரை நங்கென்று வைத்தார். மேல்வீட்டுப் பி.டி. டீச்சர் ஓட ஆரம்பித்துவிட்டாள். ஊரடங்கு போட்டுப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிய நாளிலிருந்து அவளுக்குத் தன் வீட்டுக் கூடம்தான் மைதானம். அந்த மைதானம் சரியாகக் கண்டக்டரின் மண்டைக்கு மேலே அமைந்துவிட்டது.

கண்டக்டர் ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. பஸ்ஸை விட்டாலும் சைக்கிளை விடவில்லை. ஊரடங்கின் ஆரம்பத்தில் வழக்கம்போல ரோட்டில் மிதித்துப் போனவரைப் போலீஸ்காரர் தடியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்.

“ஊரடங்கு எனக்குத்தானே? என் சைக்கிளுக்கு இல்லையே!”

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, கூடத்தின் நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டார். பின்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, ஜன்னலைப் பார்த்தபடி தினமும் மிதி மிதி என்று மிதிப்பார். போகிற இடம்தான் இல்லையே தவிர வேகத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

மேலே சத்தம் கேட்டால் மிதித்துக்கொண்டே மணியை ஒரு தடவை அடிப்பார். ட்ரிங்!

கண்டக்டர் பாஷையில் ஒற்றை மணி என்றால் ‘நிறுத்து’. இரண்டு மணி என்றால் ‘போகலாம்’. சர்வீஸ் முழுக்க எந்த டிரைவரும் அவருடைய ஒற்றை மணியை மீறியதில்லை. இவள் மீறினாள். மணி கேட்ட பிறகும் வேண்டுமென்றே நாலு தொம் தொம் போட்டுவிட்டுத்தான் நிறுத்துவாள்.

சாயங்காலம் வெளியூரிலிருந்து மகன் ஃபோன் செய்தபோது கொட்டித் தீர்த்தார்.

“அவங்க நல்லவங்கப்பா. ஆரம்பத்துலேயே வந்து உதவி வேணுமான்னு கேட்டாங்கல்ல?”

“என்ன பெரிய உதவி? ‘தனியா இருக்கீங்க மாமா, தினம் காலையில வந்து எட்டிப் பார்த்துட்டுப் போறேன்’னா. நான் என்ன சாகவா கிடக்கேன்? யாரும் என்னை எட்டிப் பார்க்க வேண்டாம், ஃபோனும் பண்ண வேண்டாம்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். அந்தக் கோபத்தைத்தான் இப்படிக் குதிச்சுத் தீர்த்துக்கறா!”

மகன் சிரித்தான்.

“அப்போ ஒண்ணு செய்யுங்க. மணி அடிக்காதீங்க. நீங்க கோபப்படக் கோபப்படத்தான் அவங்களுக்கு உற்சாகம். கண்டுக்காம விட்டுட்டா தானா அடங்கிடுவாங்க.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மறுநாள் காலை. தொம் தொம்.

கண்டக்டர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். மிதிக்கவில்லை. மணியையும் தொடவில்லை.

மேலே சத்தம் வலுத்தது. வழக்கமாக நிறுத்துகிற நேரம் தாண்டியும் நிற்கவில்லை. அவருக்குக் கை பரபரத்தது. கட்டை விரலை மடக்கி உள்ளங்கைக்குள் பூட்டிக்கொண்டார். குதி, நல்லா குதி! நீயா நானான்னு பார்த்துடலாம்.

சட்டென்று சத்தம் நின்றது.

“அடங்கினாளா!” கண்டக்டர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. மாடிப்படியில் எதையோ இழுத்துக்கொண்டு வருவதுபோல ஒரு சத்தம். தொடர்ந்து கதவு தடதடத்தது.

“மாமா! மாமா! கதவைத் திறங்க!”

சண்டைக்கே வந்துவிட்டாளா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது.

“ஏன் மணி அடிக்கலை?” என்று கத்தினாள்.

“அடிச்சா மட்டும் நிறுத்திடுவியா? அடிக்கலை! என் மணி, என் இஷ்டம்!”

“உடம்பு நல்லா இருக்குல்ல?”

“எனக்கென்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

அவள் பெருமூச்சு விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் இடது கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதைக் கண்டக்டர் கவனித்தார். இன்னொரு காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.

“ஐயையோ, என்னம்மா இது?”

“போன வாரம் மொட்டை மாடியில தண்ணித் தொட்டியைப் பார்க்கப் போய் வழுக்கிட்டேன் மாமா.”

“போன வாரமா? அப்போ இத்தனை நாளா என் தலை மேல ஓடினது யாரு?”

அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அந்தக் கையில் ஒரு ஷூ மாட்டியிருந்தது.

“தரையில உக்காந்து இதாலதான் தட்டுவேன். கீழேருந்து மணி கேட்டா, மாமா நல்லா இருக்கார், கோபமா இருக்கார்னு நிம்மதியா எழுந்து வேலையைப் பார்க்கப் போயிடுவேன்.”

“என்னைக் கவனிக்க வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேனே!”

“எட்டிப் பார்க்க வேண்டாம்னுதானே மாமா சொன்னீங்க? காது கொடுத்துக் கேக்க வேண்டாம்னு சொல்லலையே!”

மனம் இளகியதைக் காட்டிக்கொள்கிற ஆளா கண்டக்டர்? விறைப்பாகத் திரும்பிப் போய்ச் சைக்கிள் மணியை அடித்தார். ஒன்றல்ல, இரண்டு.

“என்ன நின்னுக்கிட்டு இருக்கே? ரைட், போகலாம்! கால் சரியாகுற வரைக்கும் கையாலேயே ஓடு!”