கடல்காற்றின் கை

ஸெராய் செய்த அநியாயங்களை அஸ்கெதோம் வரிசை பிசகாமல் மனசில் வைத்திருந்தான்.

முதலாவது, சைக்கிள் பந்தயம் கிளம்பிய காலையில், பாதி நடுவிரல் இல்லாத தன் வலது கையால் அஸ்கெதோமைக் காட்டி, "வழி விடுங்கப்பா, பெரிசு வருது!" என்று ஊரையே சிரிக்க வைத்தான். இரண்டாவது, மறுநாள் தெக்கம்ஹாரே சாலையில் அஸ்கெதோமின் டயர் வெடித்தபோது திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். மூன்றாவது, அதற்கடுத்த நாள் கெரென் வெயிலில் தண்ணீர் கேட்டதற்கு, காலி பாட்டிலை ஆட்டிக் காட்டிப் பல்லை இளித்தான்.

நாலாவதுதான் பெரியது. கடைசி நாளான இன்றைக்கு நடந்தது.

"லாரியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே மலை ஏறியிருக்கான், பஹ்தா."

அஸ்மாராவின் பனைமரச் சாலையில், பந்தயம் முடிந்த இடத்தில் உட்கார்ந்து அஸ்கெதோம் கொதித்தான். பஹ்தா அவனோடு பஞ்சாலையில் வேலை செய்பவன். ஆலையின் சைக்கிள் கழகத்துக்காக அவனும் ஓட்டுபவன்.

"நீ பார்த்தியா அண்ணே?"

"மலையடிவாரத்துல, நெஃபாசித்துல, அறுந்த செயினை மாட்டிக்கிட்டு நின்னான். ரெண்டு கையும் கிரீஸ். நான் அவனைத் தாண்டி வந்தேன். அப்புறம் ஒரே மூடுபனி. ஒரு லாரி உறுமிக்கிட்டுப் போச்சு. அவன் என்னைத் தாண்டினதை நான் பார்க்கவே இல்ல. இங்க வந்தா, காலை ஆட்டிக்கிட்டுக் காப்பி குடிக்கிறான். எனக்கு முன்னாடியே வந்துட்டானாம்!"

"அவன் கதை எதுக்கு? நாலு தடவை முடியாததை நீ முடிச்சிட்ட. சந்தோஷப்படு."

அது உண்மை. 'இந்தத் தடவையும் நேரத்துக்குள் வரலைன்னா கழகத்து சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துடு' என்று கழகத்தில் சொல்லியிருந்தார்கள். வந்துவிட்டான். இனி அந்த சைக்கிள் அவனுடையதுதான்.

எப்படி வந்தான் என்பது அவனுக்கே தெளிவாக இல்லை. பனி சாலையைத் தின்றுவிட்டிருந்தது. கள்ளிச்செடிகள் வேரில்லாமல் மிதந்து போயின. எங்கேயோ ஆட்டுமணி. கண் தானாக மூடிக்கொண்டது. தறியில் நூல் ஓடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் முதுகில் அந்தக் கதகதப்பு. அதற்கப்புறம் மலைக்கு மேடே இல்லை. கால்கள் யாருடையவோ போலச் சுற்றின. விழித்தபோது உச்சியில் வெயில்.

"கடல்காத்து, பஹ்தா. மசாவாவிலிருந்து ஏறி வந்து முதுகைத் தாங்கிப் பிடிச்ச மாதிரி..."

"புகார் இருக்கிறவர் வரலாம்!" என்று தலைமை நடுவர் கூப்பிட்டார்.

இந்தப் பந்தயத்தில் அதுதான் வழக்கம். எழுதிக் கொடுத்துவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது. படியில் ஏறி நின்று, சாட்சிகள் காதில் விழ, பெயரை வாசிக்க வேண்டும்.

அஸ்கெதோம் புகார் எழுதிய காகிதத்தோடு எழுந்தான். ஆலை வாசல் போராட்டங்களில் எத்தனையோ முதலாளிகளின் பெயரை வாசித்தவன் அவன்.

"அண்ணே, நில்லு," என்றான் பஹ்தா, பின்னாலிருந்து. குரல் மாறியிருந்தது. "கடல்காத்துக்கு எத்தனை விரல்?"

"என்னடா உளர்ற?"

"சட்டையைக் கழட்டிப் பாரு."

வெள்ளைச் சட்டை. அதன் முதுகில் கிரீஸில் பதிந்த ஒரு கை. நாலு விரல் முழுசு. நடுவிரல் மட்டும் பாதி.

எதிரே காப்பிக்கடை வாசலில் ஸெராய் வலது கையை மெல்லப் பைக்குள் விட்டுக்கொண்டான். முதல் தடவையாக அவன் இளிக்கவில்லை. வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தான்.

"வெளிய தெரிஞ்சா தள்ளிவிட்டவனுக்கும் பந்தயம் போச்சு, தள்ளப்பட்டவனுக்கும் போச்சு," பஹ்தா கிசுகிசுத்தான். "புகாரைக் கிழிச்சுப் போடு அண்ணே. ரெண்டு பேரும் தப்பிச்சீங்க."

அஸ்கெதோம் சட்டையை மாட்டினான். அந்த வெயிலில், அதற்கு மேலே கம்பளி அங்கியையும் போட்டுக் கழுத்துவரை இழுத்து மூடினான். படியேறினான்.

"பனியில், மலைச்சாலையில், சொந்தக் காலால் ஏறாமல் வந்த ஒருவர் மேல் புகார்."

ஸெராய் கோப்பையைக் கீழே வைத்தான்.

"லாரியைப் பிடிச்சாரா?" என்றார் நடுவர்.

"இல்ல. பின்னாலிருந்து தள்ளிவிட்டது."

"தள்ளினது யாரு?"

"கடல்காத்து."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை.

"விளையாடாதப்பா. தள்ளினவன் யாருன்னு தெரியாதா?"

"நான் கண்ணால பார்க்கல."

"சரி, ஏறி வந்தவன் பேரையாவது சொல்லு. சத்தமா. சாட்சிங்க கேக்கணும்."

காகிதத்தில் எழுதியிருந்த பெயர் வேறு. ஆனாலும் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி வாசிப்பவன் போல அவன் வாசித்தான்.

"அஸ்கெதோம் வொல்து. பஞ்சாலைக் கழகம்."