நான்காவது ஓட்டை

மான் வேட்டைக்கு மூன்று நாள் இருக்கையில் என் துப்பாக்கியின் ஸ்கோப், குறிபார்க்கும் தொலைநோக்கி, உடைந்தது. புதிது நானூறு டாலர். அடகுக் கடையில் பழையது ஒன்று எழுபதுக்குக் கிடைத்தது.

"கண்ணாடி பளிச்சுனு இருக்கே. ஏன் இவ்ளோ மலிவா குடுத்தான்?" என்றான் என் மனைவியின் தம்பி ஆர்லின்.

"முன்னாடி மூணு பேர் வாங்கினாங்களாம். திருப்பிக் கொண்டாந்தது அவங்க பொண்டாட்டிங்க."

ஊருக்கு வெளியே சரளைக் குழியில், மண்மேட்டின் முன்னால் தாளைத் தொங்கவிட்டு, நூறு கஜத்திலிருந்து மூன்று முறை சுட்டேன். தாளில் நான்கு ஓட்டைகள் இருந்தன. மூன்று குறிக்கு வலப்பக்கம், ஒன்று மட்டும் இடது ஓரத்தில்.

"எண்ணத் தெரியாதவன் கையில துப்பாக்கி," என்று சிரித்தான் ஆர்லின்.

ஸ்கோப்பின் திருகைத் திருப்பி, புதுத் தாளில் மறுபடி சுட்டேன். காலித் தோட்டா உறைகளை ஆர்லினே எண்ணினான். மூன்று. ஓட்டைகள் நான்கு. என்னுடையவை நடுவுக்கு நெருங்கியிருந்தன. அந்தத் தனி ஓட்டையும் நெருங்கியிருந்தது.

அவன் விளிம்புகளைத் தடவிப் பார்த்தான். மூன்றில் தாள் மண்மேட்டுப் பக்கம் பிய்ந்திருந்தது. நான்காவதில், எதிரிலிருந்து சுட்டதுபோல், நாங்கள் இருந்த பக்கம் பிய்ந்திருந்தது.

"போயிடலாம் மாமா."

"இன்னும் ஒரே ஒரு தாள்."

அவன் முணுமுணுத்தபடி தாளை மாட்டிவிட்டு வந்து என் அருகில் உட்கார்ந்தான். நான் ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

"ஓட்டைத் தாளையா மாட்டின?"

"புதுசு."

"நட்ட நடுவுல ஒண்ணு இருக்கே."

நான் இன்னும் சுடவில்லை. ஆர்லின் என் பிடரியைப் பிடித்துத் தரையோடு அழுத்தினான்.