நாடா நின்ற பக்கம்

சிலிபின் ஊரில் தன் வீட்டில் சரளா தினமும் ஒரு நாவலில் பத்துப் பக்கம் படித்தாள். பெற்ற மகளைத் தத்துக் கொடுத்துவிட்டு வாயே திறக்காத ஒரு தாயின் கதை.

அவள் நிறுத்திய பக்கத்தில் மறுநாள் ஓர் ஒட்டுப்பால் நாடா கிடக்கும். ரப்பர் மரத்து வெட்டில் காய்ந்த பாலை உரித்து இப்படி அடையாளம் வைப்பவள் கருப்பம்மாள் அத்தை. தன்னைப் பெற்றவளே அவள்தான் என்று சரளாவுக்கு அத்தையின் சாவு வீட்டில்தான் தெரிந்தது.

"ரப்பர் தோட்டமே எண்ணெய்ச் செம்பனையா மாறிருச்சு. ஒங்க வீட்டுல மட்டும் ஒட்டுப்பால் நாத்தம் அடிக்குது லா, அக்கா!" என்றாள் பக்கத்து வீட்டு தினேஸ்வரி.

நாவலில் அந்தத் தாய் கடைசியில் உண்மையைச் சொல்லும் பக்கத்தை சரளா தாண்டிவிட்டாள். நாடா மட்டும் மூன்று நாளாக அதற்கு முந்தைய பக்கத்திலேயே நின்றது.

"பயப்படாதம்மா. நான் வாசிக்கிறேன், நீ கேளு" என்று சரளா பக்கத்தைத் திருப்பினாள்.

ஆளில்லாத எதிர் நாற்காலியின் பிரம்புப் பின்னல் மெல்லக் கீழே அமுங்கியது.