அபு நாசரின் மண்ணுளி

“தலையை நல்லாப் பிடிங்க. நீங்க கண்ணை மூடிக்கிட்டா நான் எப்படி வாயைத் துடைக்கறது?” என்று சீறினாள் ஜலஜா.

“பாவம், சின்னது. மெதுவா...” என்று முனகினார் சேதுராமன்.

சின்னதாம்! ஜலஜாவின் மடியில் ஒரு சாண் நீளத்துக்கு நெளிந்தது குழந்தையில்லை, மண்ணுளிப் பாம்புக் குட்டி. வாயெல்லாம் புண். தீக்குச்சியில் சுற்றிய பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தால் சீழ் கட்டித் தயிராக வந்தது. அந்த நாற்றத்தில் காலையில் தின்ற இட்லி தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்தது அவளுக்கு.

மண்ணுளி நக்கினாலே குட்டம் வரும் என்று கேட்டு வளர்ந்தவள். அதன் வாய்க்குள் கையை விட்டுக் கழுவும்படி ஆயிற்றே தலையெழுத்து! எல்லாம் இந்த மனுஷனால் வந்தது.

சேதுராமனுக்கு குவைத்தில் டைப்பிஸ்ட் வேலையும் விசாவும் கொடுத்த முதலாளி அபு நாசர். பாலைவனத்தில் கூடாரம் போட்டிருந்தபோது ஆசையாகப் பிடித்து வந்த குட்டி இது. கண் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் லண்டன் போகிறவர், வாய்ப்புண் கண்ட அதைப் பெட்டியோடு கொண்டுவந்து, ஃபர்வானியாவில் இருக்கும் இவர்கள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டார்.

“பம்பாயிலே தெருவுக்குத் தெரு பாம்பு வச்சு ஆட்டுறதைப் பாத்திருக்கேனே! ஹிந்திக்காரங்களுக்கு இது கைவந்த கலை” என்றாராம். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எல்லாருமே அவருக்கு ஹிந்திக்காரர்கள்தான். மாயவரத்தில் பிறந்த சேதுராமன் டைப்ரைட்டரைத் தவிர வேறெதையும் ஆட்டியதில்லை. அதைச் சொல்லத் துப்பில்லாமல் தலையை ஆட்டிவிட்டார்.

“முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?”

“எப்படிச் சொல்றது ஜலஜா? போன பெருநாளைக்கு அவங்க வீட்டுல காப்பிக் கூஜா அழகா இருக்குன்னு நீ சொன்னே. சாயந்திரமே அந்தக் கூஜாவையே டிரைவர்கிட்ட கொடுத்து அனுப்பினாரே, தங்கமான மனுஷன்! அதோட நம்ம பேப்பர் வேற அவர் கையிலே இருக்கு.”

அதுதான் விஷயம். ஜலஜாவின் விசா மாதக் கடைசியில் முடிகிறது. அபு நாசர் கையெழுத்துப் போட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் மாயவரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் மூணு வருஷம் கடிதாசியிலேயே குடும்பம் நடத்தியவள் அவள். மறுபடியும் தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நிற்க அவளால் முடியாது.

பாம்பு செத்துத் தொலைத்தால் எந்த முகத்தோடு போய்க் கையெழுத்துக் கேட்பது? ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தியம் பார்த்தாள்.

முட்டைகூட வாசப்படி தாண்டாத சைவக் குடும்பம். மிருக டாக்டரோ, மூன்று நாளைக்கு ஒரு பல்லி கொடு என்றுவிட்டார். சேதுராமன் பல்லியை அடித்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதைத் துண்டு போடுவது, இடுக்கியால் அந்தப் புண் வாய்க்குள் தள்ளுவது, அது கொழகொழவென்று கக்கியதும் அள்ளிக் கொட்டுவது எல்லாம் ஜலஜா.

“சீ! ஜென்மத்துக்கும் மறக்காது இந்த வாடை” என்று டெட்டாலைப் பாட்டிலோடு கையில் கவிழ்த்துக்கொள்வாள். தன் கையால் சோறு பிசையவே அருவருப்பாகி, மாதம் முழுக்க ஸ்பூனால் சாப்பிட்டாள்.

நாலாவது வாரம் புண் ஆறியது. சனியன் ஒரு முழுப் பல்லியைத் தானாகவே விழுங்கியது. வால் நுனி உள்ளே போகும் வரை பார்த்துவிட்டு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள் ஜலஜா. வாந்தியெடுத்துவிட்டுச் சிரித்தாள்.

“நாளைக்கு அவர் வர்றார். மூஞ்சியைக் கடுகடுன்னு வச்சுக்காதே. பாம்பைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லு. மத்தியமா வரைக்கும் ஹிந்தி படிச்சிருக்கியே, அதுக்காவது உதவட்டும்” என்றார் சேதுராமன்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார் அபு நாசர். பம்பாயில் முத்து வியாபாரம் பண்ணிய காலத்தில் கற்றுக்கொண்ட ஹிந்தி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெட்டியைத் திறந்து குட்டியைக் கையில் எடுத்து, “என் கண்ணே, பொழைச்சிட்டியா!” என்று அதன் வாயோரமாக முத்தம் கொடுத்தார். ஜலஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேப்பரில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். “என் செல்லத்தைக் காப்பாத்திட்டீங்க பெஹன், கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி. உங்களுக்கு என்ன கைம்மாறு பண்ணப் போறேன்!” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

ஜலஜாவுக்கு மனசு பஞ்சாகிவிட்டது. இன்றைக்கே வீட்டை மூன்று தடவை கழுவிவிட வேண்டும், அந்த இடுக்கியைக் குப்பையில் போட வேண்டும்! சேதுராமன் முழங்கையால் லேசாக இடித்து ஞாபகப்படுத்தினார். போகிற பீடைக்கு ஒரு பூ வைத்து அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

“கொள்ளை அழகு பாய் சாப் உங்க குட்டி! இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்லை. இது இல்லாம எங்க வீடே வெறிச்சுன்னு ஆயிடும்” என்று ஹிந்தியில் வெளுத்து வாங்கினாள்.

அபு நாசர் நின்றார். பெட்டியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு திரும்பி வந்து, அதை அவள் கையிலேயே வைத்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்:

“இனிமே இது உங்களோடது, பெஹன்!”