சூடே ஆகாத கணினி

அக்டோபர் பிறந்தும் கசகஸ்தானின் கராகந்தா நகராட்சி, கட்டடங்களைச் சூடாக்கும் வெப்பக் குழாய்களைத் திறந்துவிடவில்லை. நூலகத்தில் நடுங்கிக்கொண்டே புதுக் கணினியை இயக்கினான், அதைப் பொருத்த வந்த சஞ்ஜார்.

"பாருங்கக்கா, புது இயங்குதளம். இன்னும் வெளியவே வரல. உங்களுக்குத்தான் முதல்ல காட்டுறேன்."

நூலகர் குல்யாஷ் தேநீரையும் ஒரு தட்டு பவுர்சாக்கையும் நகர்த்தினார். பொரித்த மாவு உருண்டை சஞ்ஜாரின் வாயில் பஞ்சாகக் கரைந்தது.

"இந்தக் குளிர்ல எங்க வீட்ல மாவு பொங்கவே மாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா?"

"எல்லாம் கைப்பக்குவம் தம்பி. சரி, இது எங்க பழசுல ஓடாதா?"

"எட்டு ஜி.பி. நினைவகம் வேணும். அதுல ரெண்டுதான் இருக்கு. மேசைக்கடியில லாரி மாதிரி உறுமுது, கேக்கல?"

"புதுசு சூடாகுமா?"

"சுத்தமா ஆகாது! ஐஸ் மாதிரி இருக்கும்."

குல்யாஷின் முகம் வாடிப்போயிற்று. "அப்ப வேண்டாம்."

"சும்மா குடுக்குறதையா வேண்டாங்குறீங்க? காரணம் கேட்டா மேலிடத்துல என்ன எழுதுறது?"

எரிச்சலோடு, பழையதைக் கழற்ற மேசைக்கடியில் குனிந்தான் சஞ்ஜார். பழைய கணினிப் பெட்டியின் தலையில் கம்பளித் துண்டு போர்த்திய பாத்திரம் ஒன்று இருந்தது. துண்டை விலக்கினான். வெதுவெதுப்பாக, விளிம்பு வரை பொங்கி நின்றது மாவு.

துண்டைப் பதமாகப் போர்த்திவிட்டு எழுந்தவன், இன்னொரு பவுர்சாக்கை வாயில் போட்டுக்கொண்டு படிவத்தில் எழுதினான்:

'பழைய கணினி மிகச் சிறப்பாக இயங்குகிறது. மாற்றக் கூடாது. வாரம் ஒருமுறை நானே நேரில் வந்து பரிசோதிக்க வேண்டும்.'