விமானத்தில் ஒரு கழுதை

அத்தனை அழகாக அவன் ஒரு நாளும் விமானம்தாங்கிக் கப்பலில் இறங்கியதில்லை. போர் நடக்கிற கடல், மழை மூட்டம், தீரப்போகிற பெட்ரோல், கீழே ஆடுகிற தளம். அப்படியும் விமானத்தின் கொக்கி, இறங்குகிற விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டியிருந்த கம்பியில் முதல் தடவையிலேயே மாட்டி நின்றது. தளத்தில் இருந்த மாலுமிகள் கைதட்டினார்கள்.

விமானி கண்ணாடி மூடியைத் தள்ளித் தலையை நீட்டினான். "மச்சான் எங்கப்பா?"

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், இவன் விமானத்துக்கு மெக்கானிக். ஏணியோடு முதலில் ஓடி வருகிறவன் அவன்தான்.

"எந்த மச்சான்?" என்றான் ஏணி கொண்டுவந்தவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கப்பல் மாறி இறங்கிட்டீங்க சார். உங்க கப்பல் இன்னும் வடக்கால போகணும்."

மானம் கப்பலேறும் என்பார்கள். இவன் மானம் கப்பல் மாறியே ஏறிவிட்டது.

சாப்பாட்டு அறையில் ஒரே கும்மாளம். "மாமியார் வீடுன்னு நெனச்சுப் பக்கத்து வீட்டுல கை நனைச்சுட்டியே தம்பி!" என்றார் அந்தக் கப்பலின் கேப்டன். "உங்க பிள்ளை வழி தவறி எங்ககிட்ட வந்திருக்கு, காலைல அனுப்பி வைக்கிறோம்னு உங்க கப்பலுக்குச் சேதி அனுப்பியாச்சு. இன்னும் பதிலைக் காணோம். வெக்கத்துல வாயே திறக்கல போல!"

வழி தவறி வந்த விமானத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது அந்தக் கடற்படையில் வழக்கமில்லை. கப்பலின் பெயின்டர் வாளியோடு வந்து விமானத்தின் விலாவில் பெரிய வெள்ளைக் கழுதை ஒன்றை வரைந்தான். அடியில் 'வீடு தெரியாதவர்' என்று எழுதினான்.

விமானிக்குத் தூக்கமே வரவில்லை. மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. லீவில் போனதும் மாமனார் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து நடித்தே காட்டுவான்.

அதைவிட வேறொன்று குத்தியது. புறப்படும்போது, ஒரு திருகாணி லூசாக இருந்ததற்கு, "கண்ணைப் பொடனியிலயா வச்சிருக்கே?" என்று மச்சானைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தான். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு திருகாணியை முறுக்கிவிட்டுப் போனான். கப்பலையே கோட்டைவிட்டவன் திருகாணிக்குக் கத்தியிருக்கிறான். நினைக்க நினைக்க விமானிக்குக் கூசியது.

விடிந்ததும் தளத்துக்கு வந்தான். யாரும் சிரிக்கவில்லை. நேற்று கைதட்டியவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கேலி செய்து அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பெயின்டர் மண்ணெண்ணெய்த் துணியால் கழுதையைத் துடைத்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் ஏற்கெனவே போயிருந்தன.

"துடைக்காதப்பா, இருக்கட்டும்" என்றான் விமானி. "என் மச்சான் இதைப் பாக்கணும். வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். அப்புறம்தான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரும்."

பெயின்டரின் கை நின்றது. அவன் திரும்பவில்லை.

"சிரிக்க அந்தக் கப்பல்ல யாரும் மிஞ்சல, சார்."